அழுதால்தான் உண்மையா?



இது நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. சொத்துச் சண்டை இல்லை. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரோ விட்டுப்போன சண்டையும் இல்லை. என் தம்பிக்கும் என் மாப்பிள்ளைக்கும், அமெரிக்க ராக் பாட்டைப் பற்றி! தம்பி தன்னுடைய பழைய பான் ஜோவி கேசட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். மாப்பிள்ளை கீழே எழுதினார்: "மாமா, இதெல்லாம் முடிக்கு ஸ்பிரே அடித்த பொய். 1991-இல் கிரஞ்ச் வந்துதான் இந்தப் பொய்யை ஒழித்து ராக்கைக் காப்பாற்றியது." தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த அழுமூஞ்சிப் பயல்களா காப்பாற்றினார்கள்?" என்று கேட்டான். இரவு பதினொரு மணி வரை ஓடியது. கடைசியில் ஒருவர் "அத்தை சொல்லட்டும்" என்கிறார், இன்னொருவன் "அக்கா சொல்லட்டும்" என்கிறான். பட்டிமன்ற நடுவர் வேலை என் தலையில் விழுந்தது.

குழுவிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் யோசிக்க யோசிக்க, இதில் என் பழைய மாணவர்களுக்கும் சொல்ல வேண்டிய ஒன்று இருப்பதாகப் பட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். தீர்ப்பு உங்களுக்கு எதிராகத்தான் வரப்போகிறது. ஆனால் தம்பியும் குதிக்க வேண்டாம்.

"டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தம்பி கப்பலில் வேலை பார்த்தவன். 1987-இல் லீவில் வந்தபோது பெரிய டேப் ரெக்கார்டரும் ஒரு பை நிறைய கேசட்டும் கொண்டுவந்தான். தூத்துக்குடியில் எங்கள் தெரு முழுக்க அந்த மாதம் கிட்டார் சத்தம்தான். அப்பா காதில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தார். பிறகு 2018 கடைசியில் மகளின் பிரசவத்துக்காக சியாட்டில் பக்கம் போய் ஆறு மாதம் இருந்தேன். மாப்பிள்ளை காரில் ஏறினாலே கிரஞ்ச்தான். முதல் நாள் "அத்தை, இது நிர்வாணா" என்று அவர் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழுவின் பெயர் என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. வெளியே ஓயாத மழை, உள்ளே குழந்தை தூங்கும் நேரம். வேறு வேலை இல்லாமல் படித்தேன், கேட்டேன், பார்த்தேன். குறிப்பெடுக்காமல் எதையும் படிக்க வராது எனக்கு. அந்த நோட்டு இப்போது மடியில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கிளாம் மெட்டல் 1980களின் சங்கதி. அதன் தலைநகரம் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் என்ற சாலை. விஸ்கி எ கோ கோ, ராக்ஸி என்று அங்கே இசை விடுதிகள் வரிசையாக இருந்தன. பாடுகிறவர்கள் ஆண்கள். ஆனால் முடியை ஸ்பிரே அடித்துக் கோபுரமாக உயர்த்தி, உதட்டுச்சாயம் பூசி, கண்ணுக்கு மை தீட்டி, உடம்போடு ஒட்டிய கால்சட்டை போட்டு வருவார்கள். மோட்லி க்ரூ, ராட், பாய்சன், வாரண்ட் எல்லாம் இந்த வகை. நியூ ஜெர்சியின் பான் ஜோவியையும் இங்கிலாந்தின் டெஃப் லெப்பர்டையும் இதே பட்டியலில்தான் சேர்க்கிறார்கள். 1981-இல் தொடங்கிய எம்டிவி இவர்களை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது.

கிரஞ்ச் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டிலில் பிறந்தது. நிர்வாணா, பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் ஆகியவை நான்கு பெரிய குழுக்கள். கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை, கிழிந்த ஜீன்ஸ், வாராத தலை. பாட்டில் வலி, வெறுப்பு, தனிமை. 1991 செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்தது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைத் தள்ளிவிட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இனி மாப்பிள்ளையின் கட்சிக்காரர்கள் சொல்லும் கதை: பொய் வேஷம் போட்டவர்கள் ஒரே இரவில் ஓடிப்போனார்கள், உண்மை வென்றது.

கதை நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிற கதையைத்தான் இரண்டு முறை திருத்திப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

முதலில் உடையை எடுத்துக்கொள்வோம். முகத்தில் சாயம் பூசினால் பொய்யன் என்றால், நம் ஊர்த் தெருக்கூத்துக்காரர் எல்லாரும் பொய்யர்கள். மேடைக்கு வேஷம் போடுகிறவன் "இது வேஷம்" என்று சொல்லித்தான் போடுகிறான். அதில் யாரும் ஏமாறுவதில்லை.

1985 செப்டம்பரில் அமெரிக்க செனட்டில் ஒரு விசாரணை நடந்தது. பாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன, உறைகளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று சில அரசியல்வாதிகளின் மனைவிமார் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் டீ ஸ்னைடர் சாட்சி சொல்ல வந்தார். தோளில் புரளும் சுருட்டை முடி, கையில்லாத ஜீன்ஸ் மேல்சட்டை. கோட் போட்ட பெரியவர்கள் கோமாளி வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். அவர் காகிதத்தைப் பிரித்து, தான் கல்யாணமானவன், பிள்ளை பெற்றவன், குடிப்பதில்லை, புகைப்பதில்லை என்று தொடங்கினார். பிறகு குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வன்முறைப் பாட்டு என்று அவர்கள் காட்டிய ஒன்று, தன் குழுவின் கிட்டார்காரருக்குத் தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சையின் பயத்தைப் பற்றியது என்று விளக்கினார். செய்யுளை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் பொருள் எழுதிய மாணவர்களைப் போல செனட்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ விடைத்தாள் திருத்திய நான் சொல்கிறேன், அன்றைக்கு முழு மதிப்பெண் அந்தக் கோமாளிக்குத்தான்.

இரண்டாவது, பணம். பளபளப்பு என்றால் பணக்காரத்தனம், கிழிசல் என்றால் ஏழ்மை என்று நினைக்கிறோம். சன்செட் ஸ்ட்ரிப்பில் புதுப் பையன்கள் பாட வேண்டுமென்றால், விடுதிக்காரரிடம் டிக்கெட்டுகளைத் தாங்களே முன்பணம் கொடுத்து வாங்கித் தெருவில் விற்க வேண்டியிருந்தது. பாடுகிறவனே காசு கொடுக்க வேண்டும்! பாய்சன் குழு பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூரிலிருந்து வந்தது. 1986-இல் அவர்களின் முதல் ஆல்பம் பன்னிரண்டு நாளில், சுமார் 23,000 டாலரில் முடிந்தது. 'நெவர்மைண்ட்' முடியும்போது செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. உதட்டுச்சாயக் கட்சி சிக்கனம், கிழிசல் கட்சி தாராளம்! 'நெவர்மைண்ட்' மெருகு கூடிப்போய்விட்டது, பங்க் ஆல்பத்தைவிட மோட்லி க்ரூ ஆல்பத்துக்குத்தான் அது பக்கத்தில் இருக்கிறது என்று வெட்கப்பட்டுச் சொன்னவர் யார் தெரியுமா? கர்ட் கோபேனே. மாப்பிள்ளை, இது என் வாக்குமூலம் இல்லை, உங்கள் தலைவருடையது.

மூன்றாவது, வியாபாரம். கிரஞ்ச் வியாபாரத்துக்கு எதிராக எழுந்தது என்கிறார்கள். சியாட்டிலில் சப் பாப் என்ற சிறிய இசை நிறுவனம் இருந்தது. அதன் முதலாளிகள் இருவரும் கெட்டிக்காரர்கள். 1989-இல் இங்கிலாந்துப் பத்திரிகையாளர் ஒருவரைத் தங்கள் செலவில் வரவழைத்து, ஊரின் இசையைப் பற்றி எழுத வைத்தார்கள். காட்டில் மரம் வெட்டுகிற முரட்டுப் பையன்கள் பாடுகிறார்கள் என்ற படம் அப்படித்தான் உலகம் முழுக்கப் பரவியது. சியாட்டில் போயிங் விமானம் செய்கிற ஊர். பக்கத்து ரெட்மண்டில் மைக்ரோசாஃப்ட். சவுண்ட்கார்டனின் கிட்டார்காரர் கிம் தாயில், கேரளத்திலிருந்து போன பெற்றோருக்குப் பிறந்தவர். எந்தக் காட்டில் எந்த மரத்தை அவர் வெட்டினார்?

பிறகு அந்தச் சட்டையே கடைக்குப் போனது. 1992-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை கிரஞ்ச் இளைஞர்களின் தனி பாஷை என்று ஒரு சொற்பட்டியல் போட்டது. சப் பாப்பில் வேலை பார்த்த ஒரு பெண் தொலைபேசியில் விளையாட்டாகக் கட்டிவிட்ட சொற்கள் அவை! அதே ஆண்டில் மார்க் ஜேக்கப்ஸ் என்ற ஆடை வடிவமைப்பாளர், கட்டம் போட்ட சட்டையைப் பட்டில் தைத்து மாடல்களுக்குப் போட்டு நடக்கவிட்டார். அவருக்கு அந்த நிறுவனத்தில் வேலையும் போயிற்று. அது வேறு கதை.

இன்னும் கேளுங்கள். 1991 செப்டம்பர் 17-இல் கன்ஸ் அண்ட் ரோசஸ் இரண்டு ஆல்பங்களை ஒரே நாளில் வெளியிட்டது. சரியாக ஒரு வாரம் கழித்து 'நெவர்மைண்ட்'. இரண்டுக்கும் முதலாளி ஒரே கெஃபன் நிறுவனம். வாரண்ட் குழுவையும் ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவையும் விற்றது ஒரே கொலம்பியா நிறுவனம். ஒரே கடையில் இந்த அலமாரியில் ஜிலேபி, அந்த அலமாரியில் பாகற்காய் வறுவல். பாகற்காய் வாங்கினவர்கள் தாங்கள் கடைக்கே போகவில்லை என்று சாதிக்கிறார்கள்.

கிளாம் ஒரே இரவில் செத்தது என்பதும் சரியில்லை. 1992-இல்தான் டெஃப் லெப்பர்டின் புது ஆல்பம் அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது.

நான்காவது, வம்சாவளி. பேர்ல் ஜாம் எப்படிப் பிறந்தது? அதற்கு முன் மதர் லவ் போன் என்று ஒரு குழு. அதன் பாடகர் ஆண்ட்ரூ வுட், பளபளப்பான உடையும் மேடை ஜாலமுமாக, பார்த்தால் சன்செட் ஸ்ட்ரிப் பையன்தான். அவர் 1990-இல் இறந்த பிறகு மிஞ்சியவர்கள் இருவர் சேர்ந்து தொடங்கியதுதான் பேர்ல் ஜாம். ஆலிஸ் இன் செயின்ஸ் என்ற பெயரே, பாடகர் லேன் ஸ்டேலி முன்பு பாடிக்கொண்டிருந்த ஒரு கிளாம் குழுவின் பெயரைச் சற்று மாற்றி எடுத்துக்கொண்டது. நிர்வாணா, முகத்தில் சாயம் பூசும் கிஸ் குழுவின் பாட்டு ஒன்றைப் பாடிப் பதிவுசெய்திருக்கிறது. கோபேன் எம்டிவியின் மெட்டல் நிகழ்ச்சிக்கு மஞ்சள் நிறத்தில் பெண்கள் அணியும் பெரிய கவுனைப் போட்டுக்கொண்டு போனார். சித்தப்பன் வீட்டுச் சொத்தில் வளர்ந்துவிட்டு "சித்தப்பனா, யாரவன்?" என்று கேட்கக் கூடாது.

இதுவரை படித்த தம்பி மீசையை முறுக்கியிருப்பான். இறக்கு, தம்பி.

கிளாம் மெட்டல் பெண்களை நடத்திய விதத்துக்கு மன்னிப்பே கிடையாது. நம் மையையும் சாயத்தையும் இரவல் வாங்கிப் பூசிக்கொண்டவர்கள், தங்கள் வீடியோக்களில் நம்மைக் கார் மேல் படுக்கவைத்த பொம்மைகளாகத்தான் காட்டினார்கள். வாரண்ட் குழு 1990-இல் ஒரு ஆல்பம் தயாரித்தது. அதற்கு 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்ற பாட்டின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். கம்பெனித் தலைவர், கொண்டாட்டமாக ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்க, பாடகர் ஜேனி லேன் அவசரமாக 'செர்ரி பை' எழுதிக் கொடுத்தார். ஆல்பத்தின் பெயரும் அதுவாகவே மாறிற்று. அந்தப் பாட்டின் வீடியோவை நான் முழுதாகப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டை எழுதியதற்காகப் பின்னாளில் அவரே வருந்தினார். 1984 டிசம்பரில் மோட்லி க்ரூவின் வின்ஸ் நீல் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, உடன் வந்த ஹனோய் ராக்ஸ் குழுவின் டிரம்மர் செத்தார். எதிர்க் காரில் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அவர் சிறையில் இருந்தது ஒரு மாதம்கூட இல்லை. இதையெல்லாம் "ஜாலி" என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. 1990 வாக்கில் எல்லாக் குழுவும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிட்டதும் உண்மை. மூன்று ஆட்டப் பாட்டு, ஒரு கண்ணீர்ப் பாட்டு, அடுத்த ஆல்பம். கேட்கிறவர்களுக்குச் சலிப்புத் தட்டாமல் என்ன செய்யும்?

சியாட்டில் பையன்கள் இந்த விஷயத்தில் மேலானவர்கள். பெண்களையும், வேறு நிறத்தவரையும், ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களையும் வெறுப்பவர்கள் எங்கள் நிகழ்ச்சிக்கு வர வேண்டாம், எங்கள் ஆல்பத்தை வாங்கவும் வேண்டாம் என்று கோபேன் 1992-இல் தன் ஆல்பத்தின் உறையிலேயே அச்சிட்டார். வாங்குகிறவனை "வாங்காதே" என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். பேர்ல் ஜாம், டிக்கெட் விலையில் இடைத்தரகர் கட்டணம் ஏறுவதை எதிர்த்து 1994-இல் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சி சொன்னது. ரசிகன் இருபது டாலருக்குள் பாட்டுக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். டீ ஸ்னைடருக்குக் கொடுத்த மதிப்பெண்ணை இவர்களுக்கும் கொடுக்கிறேன்.

பிறகு ஏன் தீர்ப்பு மாப்பிள்ளைக்கு எதிராக? அவர் எழுதிய ஒரு சொல்லுக்காக. "பொய்."

சந்தோஷமாகப் பாடினால் பொய், வலியோடு பாடினால் உண்மை என்ற கணக்கை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கணக்குதான் என் சண்டை. மற்றதெல்லாம் முடியும் சட்டையும்.

தம்பி படம் போட்டானே, அந்தக் கேசட், பான் ஜோவியின் 1986 ஆல்பம். அதில் 'லிவின் ஆன் எ பிரேயர்' என்று ஒரு பாட்டு. டாமி, ஜீனா என்று ஒரு ஜோடியின் கதை. டாமி துறைமுகத் தொழிலாளி. சங்கத்தின் வேலைநிறுத்தத்தில் வருமானம் போய்விட்டது. ஜீனா ஒரு சாப்பாட்டுக் கடையில் நாள் முழுதும் பரிமாறி வீட்டைக் காப்பாற்றுகிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

எங்கள் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது ஒரு வேலைநிறுத்தத்தில் அவருக்குப் பல வாரம் கூலி இல்லை. அம்மா விடியற்காலையில் எழுந்து வாசலில் இட்லி சுட்டு விற்றாள். நான் சட்னி அரைத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். தம்பி, அந்தப் பாட்டின் கதையை ஒரு நாள் கப்பல் தோழன் ஒருவன் விளக்கியபோது நீ டெக்கில் தனியாகப் போய் நின்றதாக எனக்குக் கடிதம் எழுதினாய். அந்தக் கடிதம் இன்னும் என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பாட்டைப் பாடியவன் முடிக்கு எத்தனை டப்பா ஸ்பிரே அடித்தால் எனக்கென்ன? எங்கள் வீட்டுக் கதையை, அழவைக்காமல், நிமிர்ந்து நிற்கவைத்துப் பாடினான். அது பொய்யா மாப்பிள்ளை?

டெஃப் லெப்பர்டின் டிரம்மர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்தார். டிரம்ஸ் அடிக்கிறவருக்குக் கை போனால் என்ன மிச்சம்? இடது கையால் அடிக்க வேண்டியதை இடது காலால் மிதித்து அடிக்கும்படி புதுக் கருவி செய்வித்துப் பழகினார். குழு வேறு ஆளைத் தேடவில்லை, அவருக்காகக் காத்திருந்தது. 1986-இல் மேடை ஏறினார். 1987-இல் 'ஹிஸ்டீரியா' வந்தது. அந்தக் கொண்டாட்டப் பாட்டுகளில் கேட்கிற டிரம்ஸ் ஒரு கைக்காரருடையது. அவர் அழுது பாடியிருந்தால்தான் அந்த வலி உண்மை என்று சான்றிதழ் தருவோமா? வலியை விழுங்கிவிட்டுச் சிரிக்கிறவர்களை நம் வீடுகளில் பார்த்ததே இல்லையா? எங்கள் அம்மா இட்லி விற்கும்போது சிரித்துக்கொண்டேதான் விற்றாள்.

அதே சமயம் சிரிப்பை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. 1988-இல் பெனலோப் ஸ்பீரிஸ் என்ற பெண் இயக்குநர் லாஸ் ஏஞ்சலஸ் மெட்டல் உலகத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அதில் வாஸ்ப் குழுவின் கிட்டார்காரர் கிறிஸ் ஹோம்ஸ் நீச்சல் குளத்தில் மிதவை நாற்காலியில் கிடந்து, போதையில் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார். கரையில் ஒரு நாற்காலி போட்டு அவருடைய அம்மா உட்கார்ந்திருக்கிறார். பார்த்துக்கொண்டு இருக்கிறார். எனக்குப் பாட்டெல்லாம் மறந்தாலும் அந்த அம்மாவின் முகம் மறக்காது. அந்த வேஷத்துக்கு அடியிலும் வலி இருந்தது. யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்கள் "ஜாலியான பையன்கள்".

சியாட்டிலில் நேர்மாறாக நடந்தது. அங்கே வலியை எல்லாரும் கேட்டார்கள். காசு கொடுத்துக் கேட்டார்கள். கைதட்டினார்கள். ஆனால் கேட்டதோடு சரி.

கோபேன் ஆபர்டீன் என்ற மரம் அறுக்கும் ஊரில் பிறந்தவர். சிறு வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தார். முடிக்காமல் விட்ட அதே பள்ளிக்கூடத்தில் பின்பு துப்புரவு வேலை பார்த்தார். ஆசிரியையாக அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தான் உட்கார்ந்த வகுப்பறையைத் தானே கூட்டியிருக்கிறார். 1994 ஏப்ரலில், 27 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மகளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. ஆண்ட்ரூ வுட் 24 வயதில் ஹெராயினால் போனார். லேன் ஸ்டேலி தன் போதை அடிமைத்தனத்தைப் பற்றியே ஒரு ஆல்பத்தில் பாட்டுப் பாட்டாகப் பாடினார். அந்த 'டர்ட்' லட்சக்கணக்கில் விற்றது. பத்து ஆண்டு கழித்து, 2002-இல், 34 வயதில், அதே போதையில் தன் வீட்டில் தனியாகச் செத்துக்கிடந்தார். கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. லட்சம் பேர் கேட்ட குரல், கதவைத் தட்ட ஆளில்லை. கிறிஸ் கார்னெல் 2017-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 2018-இல் அருங்காட்சியகத்துக்கு வெளியே வைத்த அவருடைய வெண்கலச் சிலையை மாப்பிள்ளைதான் கூட்டிப்போய்க் காட்டினார். காலடியில் யாரோ வைத்த பூ மழையில் நனைந்து கிடந்தது.

தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். பாட்டு இவர்களைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. போதைப் பழக்கமும் மனச்சோர்வும் நோய்கள். எந்த இசை பாடினாலும் வரும். கிளாம் பக்கத்திலும் சாவுகள் உண்டு. நான் சொல்வது கேட்டவர்களைப் பற்றி. "என்ன உண்மையான வலி!" என்று வியந்தவர்களுக்கு அது உதவி கேட்கும் குரல் என்று தோன்றவில்லை. வலியைத் தரமுத்திரை ஆக்கிவிட்டால் அதைக் குணமாக்க யாருக்கும் மனசு வராது. குணமானால் பாட்டு கெட்டுவிடுமே!

இதை நான் யாருக்கோ சொல்லும் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் செய்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எட்டாம் வகுப்பில் இரண்டு பையன்கள். பெயர் வேண்டாம். ஒருவன் ஸ்டெப் கட்டிங் தலை, பொத்தான் போடாத சட்டை, குழந்தைகள் தினத்தில் ஆட்டம். அவனை உருப்படாதவன் என்று முடிவுகட்டியிருந்தேன். இன்னொருவன் அமைதி. கட்டுரை நோட்டில் கவிதை மாதிரி எழுதுவான். எல்லாம் இருட்டு, மழை, யாருமில்லாத வீடு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். பின்பக்கம் சிவப்பு மையில் "மிக நன்று" எழுதினேன். "ஏண்டா கண்ணு இப்படி எழுதுகிறாய், வீட்டில் என்ன?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வரவில்லை. விசாரித்தபோது வீட்டில் யாருமே இல்லை என்று தெரிந்தது. அம்மா இறந்து, அப்பா எங்கோ போய், பையன் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு வருஷமாகப் படுத்திருக்கிறான். அவன் எழுதியது கவிதை இல்லை, விலாசம். நான் மதிப்பெண் போட்டேன். இன்றுவரை அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

ஸ்டெப் கட்டிங் பையன் இதைப் படிப்பான். எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தபோது நான்கு இரவு மருத்துவமனை வராந்தாவில் படுத்தவன் அவன்தான். உன்னை உருப்படாதவன் என்று நினைத்ததற்கு இந்த இடத்தில், எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன் தம்பி.

சியாட்டிலில் கோபேன் வாழ்ந்த வீட்டை ஒட்டி விரெட்டா என்று ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. அங்கே மர பெஞ்சுகள். உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் அதில் எழுதியும் கீறியும் வைத்திருக்கிறார்கள். பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு மாலை அங்கே உட்கார்ந்தேன். அத்தனையும் அன்பான வார்த்தைகள். அவர் இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கேட்டிருந்தால் போதுமே என்று தோன்றியது. கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். பெற்றவர்களையும் கட்டியவர்களையும் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அந்த பெஞ்சில் எனக்கு என் எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டுதான் தெரிந்தது. எல்லாரும் சிவப்பு மையில் "மிக நன்று" எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே தீர்ப்பு.

கிரஞ்ச் நல்ல இசை. கார்னெலின் குரல் மாதிரி ஒரு குரலை நான் கேட்டதில்லை. அது வந்ததால் சலித்துப்போன வீட்டில் ஜன்னல் திறந்தது. இதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பொய்யை ஒழித்த உண்மை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டும் மேடை, இரண்டும் உடை, இரண்டுக்கும் ஒரே முதலாளி. இரண்டிலும் உண்மையான பிள்ளைகள் இருந்தார்கள். சிரிக்கிறவன் மேம்போக்கு, அழுகிறவன் ஆழம் என்று சொல்கிற எந்த ரசனையும் இரண்டு பேருக்கும் கெடுதல். சிரிக்கிறவனை மதிக்க மாட்டோம். அழுகிறவனை ரசித்துக்கொண்டே இருப்போம்.

மாப்பிள்ளை, தம்பியிடம் அந்தச் சொல்லை மட்டும் திரும்பப் பெறுங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று தாராளமாகச் சொல்லுங்கள். "பொய்" வேண்டாம். தம்பி, "அழுமூஞ்சி" என்ற சொல்லை நீயும் திரும்பப் பெறு. செத்துப்போன பிள்ளைகள்.

என் மாணவர்களில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்கள் நிறையப் பேர். பெற்றோராக இருப்பவர்கள் அதைவிட நிறைய. உங்கள் பிள்ளை முடியை ஏற்றி வாரி, சத்தமாகப் பாட்டு வைத்து ஆடினால் உருப்படாதவன் என்று முடிவுகட்டாதீர்கள். உங்கள் பிள்ளை ஹெட்போனுக்குள் முடங்கி இருட்டையும் மழையையும் எழுதினால், நன்றாக எழுதுகிறாய் என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். உட்காருங்கள். கேளுங்கள்.

அந்த எட்டாம் வகுப்புப் பையன் எங்கிருந்தாவது இதைப் படித்தால், டீச்சருக்கு ஒரு வரி எழுது ராஜா. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதினால் போதும். மதிப்பெண் போட மாட்டேன்.